பாக்கெட் நொறுக்குத்தீனியில் ஈயமாம்: ஊர் முறுக்குக்கு மாறினால் தப்பிக்கலாமா?

9 செப்டம்பர் 2025, மாலை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா இந்த இணைய இழையில் கேட்டிருப்பது, அவர் எழுதியபடியே:

"என் மகனுக்கு நான்கு வயது. பாலர் பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு பாக்கெட் அரிசி பஃப் வேண்டும், இல்லையென்றால் வீடு ரெண்டாகிவிடும். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றை சிப்ஸ் பாக்கெட்டின் மேல் வைக்கிறார், திரையில் ஈயம் என்று வருகிறது. இனிமேல் பாக்கெட் தீனி எதுவும் வேண்டாம், ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிடும் முறுக்கும் தட்டையும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?"

9 செப்டம்பர், இரவு

பாதி சரி. மீதிப் பாதி தலைகீழ்.

ஜூரோங் பக்கம் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உலோகப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் அந்தத் துப்பாக்கி விஷயத்தை முடித்துவிடுகிறேன். அது எக்ஸ்ஆர்எஃப் கருவி. பொருளின் மேல் எக்ஸ்ரே அடித்து, திரும்பி வரும் கதிரை வைத்து என்ன உலோகம் என்று சொல்லும். பழைய பெயின்ட், பொம்மை, மலிவு நகை, மசாலாப் பொடி இவற்றில் ஈயம் தேட நல்ல கருவி. ஆனால் அது ஈயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிலோவுக்குச் சில மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழந்தைகள் அடிக்கடி தின்னும் மிட்டாயில் ஈயம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் சொன்னது. அந்த அளவு இருக்கிறதா இல்லையா என்பது இந்தத் துப்பாக்கிக்குத் தெரியவே தெரியாது. அதோடு அவர் பாக்கெட்டைப் பிரிக்காமல் மேலேயே வைக்கிறார். திரையில் வருவது உறையும் மையும் சிப்ஸும் கலந்த கூட்டுப்பொரியல்.

தலைகீழ்ப் பாதி ஊர் முறுக்கு பற்றியது. அதற்கு நிறைய எழுத வேண்டும், நாளைக்கு.

10 செப்டம்பர்

நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனால் அதற்குள் பத்துப் பேர் வந்து பாக்கெட்டின் உள்ளே பளபளக்கும் படலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது அலுமினியம்தான். பிளாஸ்டிக் மேல் ஆவியாகப் படிய வைத்தது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குக்கு நடுவே இருக்கும், சிப்ஸைத் தொடாது. காற்றும் வெளிச்சமும் புகாமல் இருக்க அந்த ஏற்பாடு. விட்டுவிடுங்கள்.

காந்தத்தைக் காலை உணவுத் தானியத்தில் விட்டு இரும்புத் தூள் ஒட்டுவதைக் காட்டும் வீடியோவையும் யாரோ போட்டிருக்கிறார்கள். அது சத்துக்காகச் சேர்த்த இரும்பு. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியே இருக்கும். சாப்பிடுங்கள்.

11 செப்டம்பர்

துப்பாக்கி வேண்டாமென்றால் பின் எப்படித்தான் பார்ப்பீர்கள் என்று யீஷூன் தம்பி கேட்கிறார்.

பாக்கெட் முழுவதையும் அரைக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் அந்தத் துண்டின் ஜாதகம்தான் வரும். அதையும் வீட்டு மிக்சி மாதிரி எஃகு பிளேடில் அரைத்தால் பிளேடிலிருந்தே குரோமியமும் நிக்கலும் சேர்ந்துவிடும். அரைத்ததில் அரை கிராம் எடுத்து, டெஃப்லான் குழாயில் நைட்ரிக் அமிலம் ஊற்றி, மூடி, அதற்கென்று உள்ள மைக்ரோவேவில் சூடேற்றுவோம். வெளியே வரும்போது முறுக்கு இருக்காது, மிளகாய் வாசனை இருக்காது, லேசான மஞ்சளில் தெளிந்த தண்ணீர் மட்டும். அதை நீர்த்து ஐசிபி-எம்எஸ் என்னும், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவிக்குள் விட்டால் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில்கூட ஈயத்தைக் கண்டுபிடிக்கும். அந்த அளவுக்கு நுணுக்கமானதால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டு அலச வேண்டும், பவுடர் போட்ட கையுறை போட்டால் துத்தநாகம் எகிறும். ஒன்றுமே போடாத வெறும் அமிலத்தையும் கூடவே ஓட்டி, அதில் வரும் அளவைக் கழிக்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் வரும் எண்ணை நம்பி யாரும் எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

உற்பத்தி வரிசையில் 'மெட்டல் டிடெக்டர்' இருக்குமே என்கிறார் இன்னொருவர். அது திருகாணி, கம்பித்துண்டு பிடிப்பதற்கு. மாவோடு மாவாகக் கலந்த ஈயம் அதற்குத் தெரியாது.

13 செப்டம்பர்

இப்போது உலோகம் எங்கிருந்து வருகிறது என்று. நம் ஆட்கள் எல்லாரும் தொழிற்சாலையையே பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது வயலிலேயே ஏறிவிடுகிறது.

நெல் தேங்கிய தண்ணீரில் நிற்கிறது. மண்ணில் காற்றில்லாதபோது அங்கே பூட்டிக்கிடக்கும் ஆர்சனிக் கரைந்து வேருக்குள் போகும். மற்ற தானியங்களைவிட அரிசியில் ஆர்சனிக் கூடுதலாக இருப்பது இதனால்தான். உமிக்குக் கீழே இருக்கும் தவிட்டில் இன்னும் அதிகம். ஆரோக்கியம் என்று இரண்டு வெள்ளி கூடக் கொடுத்து வாங்கும் பழுப்பரிசி பிஸ்கட்டில் வெள்ளை அரிசி பிஸ்கட்டைவிடக் கூடுதல் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு நச்சு உலோகமான காட்மியத்தின் கதை வேறு. பாஸ்பேட் உரத்தோடு மண்ணுக்கு வரும், சில செடிகள் அதை ஆசையாக உறிஞ்சும். சூரியகாந்தி அதில் முதல் வரிசை. சீனப் புத்தாண்டுக்கு மட்டுமில்லாமல் வருடம் முழுக்கக் கொறிக்கும் குவாசி விதை நினைவுக்கு வருகிறதா? ஐரோப்பிய ஒன்றியம் சூரியகாந்தி விதைக்குக் காட்மியம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று தனி உச்ச அளவே வைத்திருக்கிறது. கொக்கோவும் அப்படித்தான். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கொக்கோ, அதற்கேற்ற காட்மியம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 28 கறுப்பு சாக்லேட்களைப் பார்த்ததில் 23-ஐ தினம் ஓர் அவுன்ஸ் தின்றாலே ஈயமோ காட்மியமோ அவர்கள் எடுத்துக்கொண்ட அளவைத் தாண்டியது. அந்த அளவு கலிஃபோர்னியாவுடையது, மிகக் கறாரானது. சாக்லேட்டில் ஈயம் பெரும்பாலும் வேர்வழி ஏறுவதில்லை. கொட்டையை வெயிலில் காயப்போடும்போது தூசியாக ஒட்டுகிறது.

அப்புறம் மசாலா. அது தனிப் பஞ்சாயத்து.

13 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ எதைத்தான் தின்பது?" என்று கேட்டு ஒருவர் அழும் பொம்மை போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் தின்னுங்கள். ஒன்றையே தினமும் தின்னாதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

16 செப்டம்பர்

எண்களைப் போடாமல் இந்தப் பேச்சு பயமாகவே நிற்கும். போட்டுப் பார்ப்போம்.

உட்லண்ட்ஸ் அம்மாவின் பையன் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் 25 கிராம். பொரித்த அரிசி, அரிசி அப்பம் வகைக்கு ஐரோப்பாவில் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கில் அதிக நச்சான வகை) உச்ச அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அந்த உச்சத்திலேயே இருந்தால் 7.5 மைக்ரோகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு அரை மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. சரக்கு பெரும்பாலும் அந்த உச்சத்துக்குக் கீழேதான் இருக்கும். இது அதிகமா குறைவா? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து வைத்த நிபுணர் குழு பாதிப்பு கொஞ்சமாகக் கூட ஆரம்பிக்கும் அளவு என்று ஒப்பிட எடுத்துக்கொண்ட புள்ளி நாளைக்கு கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் எடுத்த புள்ளி 0.06. ஐம்பது மடங்கு வித்தியாசம்! ஒருவர் பார்த்தது நுரையீரல் புற்று, மற்றவர் பார்த்தது தோல் புற்று, தரவும் வேறு. பையனின் அரை மைக்ரோகிராம் இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. இதற்குப் பயப்படச் சொல்ல மாட்டேன். தினமும் கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். சுவீடன் உணவு அமைப்பு ஆறு வயதுக்குக் கீழே அரிசி அப்பம் வேண்டாம் என்றே சொல்கிறது. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம் என்று ஏற்கெனவே மூன்று வேளையும் அரிசி தின்னும் வீட்டுக்கு அந்த அறிவுரை சுவீடனைவிட நன்றாகவே பொருந்தும்.

ஈயத்துக்கு வருவோம். 30 கிராம் முறுக்கில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் ஈயம் இருந்தால் 3 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு 2.2, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு 8.8. தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம், அந்த எண்ணில் பத்து மடங்கு இடைவெளி விட்டே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஈயத்துக்கு 'இதுவரை பாதிப்பில்லை' என்று சொல்லும் அளவு எதுவும் தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாரத்துக்கு இவ்வளவு பரவாயில்லை என்று முன்பு வைத்திருந்த எண்ணை நிபுணர் குழு 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் குடல் உட்கொண்ட ஈயத்தில் பாதி வரை உறிஞ்சும், பெரியவர்கள் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதே முறுக்கைத் தாத்தாவும் பேரனும் பாதிப் பாதி தின்றாலும் கணக்கு ஒன்றில்லை.

17 செப்டம்பர்

மேகி நூடுல்ஸ் 2015-இல் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் கிலோவுக்கு 17.2 மில்லிகிராம் ஈயம் என்று அறிக்கை வந்தது, அங்கே உச்ச அளவு 2.5. அந்த ஜூனில் இந்தியா தடை விதித்தது. இங்கே அப்போதிருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் இந்தியத் தயாரிப்பை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து, பரிசோதித்து, பாதுகாப்பானது என்று விட்டுவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்தியத் தடையை ரத்து செய்தது. முதலில் பரிசோதித்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். மேலே அமிலம், குழாய், கையுறை என்று நான் நீட்டி முழக்கியதற்கும் அதுவே காரணம்.

2024 ஏப்ரலில் இங்கே திரும்பப் பெறப்பட்ட எவரெஸ்ட் மீன் மசாலாவில் பிரச்சினை எத்திலீன் ஆக்சைடு. அது கிருமி கொல்லும் வாயு, உலோகமே இல்லை. அதை இங்கே இழுக்காதீர்கள்.

21 செப்டம்பர்

முதல் நாள் சொன்ன தலைகீழ்ப் பாதி, ஊர் முறுக்கு.

வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் ஒரு அக்கா ஒருமுறை எங்கள் கூடத்துக்கு மாதிரிகள் கொண்டுவந்தார். பெரிய கடை ஒன்று அவரிடம் சரக்கு எடுக்கச் சான்று கேட்டிருந்தது. எல்லாம் ஒரே கைப்பக்குவம், ஒரே எண்ணெய். ஒரு ஈடு மட்டும் ஈயத்தில் எகிறிக் குதித்தது. அக்கா அழுதே விட்டார், எண்ணெயா, தண்ணீரா, அடுப்பா என்று. மூலப்பொருட்களைத் தனித்தனியாக எடுத்துவரச் சொன்னேன். அரிசி மாவு சுத்தம். உளுந்து மாவு சுத்தம். எள்ளும் ஓமமும் பரவாயில்லை. கடைசியாக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சள் தூள். ஊரில் யாரோ மொத்தமாக அரைத்துக் கொடுத்தது. பார்க்க அவ்வளவு அழகு, எலுமிச்சை மஞ்சளும் பொன் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு நிறம். அதில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே ஏறியிருந்தன, எடையில் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. அந்த விகிதத்தைப் பார்த்ததும் எங்கள் மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஈயக் குரோமேட்டில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமிய அணு, எடை 207-க்கு 52. சாலையில் கோடு போடும் பெயின்டுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கப் பயன்பட்ட சாயம் அது.

வங்கதேசத்தில் இது ஊரறிந்த கதை. எண்பதுகளில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஆரம்பித்த பழக்கம். 2019-இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சோதனை, அபராதம், பத்திரிகை, தொலைக்காட்சி என்று இறங்கியதில் 2021-இல் அது பூஜ்யம். அந்தச் சோதனைகளில் பயன்பட்டது இதே எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கிதான். கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் மில்லிகிராம் இருக்கும் பொடியில் அது ராஜா.

பாக்கெட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் வானாபானா ஆப்பிள் இலவங்கப்பட்டைக் கூழ் திரும்பப் பெறப்பட்டது. உள்ளே போன பட்டைத் தூளில் கிலோவுக்கு 2,270 மில்லிகிராம், 5,110 மில்லிகிராம் என்று ஈயம். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குப் பாதிப்பு. ஆனால் பாக்கெட் என்பதால் தொகுப்பு எண் இருந்தது, பட்டைத் தூள் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போக முடிந்தது. பெட்டியில் வேட்டிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே வந்த மஞ்சள் தூளுக்குத் தொகுப்பு எண் கிடையாது.

அம்மாவின் கையை யாரும் குறை சொல்லவில்லை. அம்மா மஞ்சளை எங்கே வாங்குகிறார் என்பதுதான் கேள்வி. முழு விரலி மஞ்சள் வாங்கி, தெரிந்த மில்லில் அரைத்தால் பாதிக் கவலை போச்சு. பாதி என்று ஏன் சொல்கிறேனென்றால், விரலி மஞ்சளின் மேலும் அந்தச் சாயத்தைத் தேய்த்திருக்கிறார்கள்.

22 செப்டம்பர்

இன்னொன்று விட்டுப்போனது. வாணலி.

போன மாதம், 2025 ஆகஸ்டில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இறக்குமதிப் பாத்திரங்கள் பற்றி எச்சரிக்கை விட்டது. அலுமினியம், பித்தளை, அப்புறம் இண்டாலியம், ஹிண்டாலியம் என்று பல பெயரில் விற்கும் கலப்பு உலோகம். அதில் சில பாத்திரங்களிலிருந்து சமையலில் ஈயம் இறங்குகிறது. நம் வீடுகளில் இண்டாலியம் சட்டி இல்லாத வீடு எது? தேக்காவில் வாங்கினோமா, கல்யாணச் சீரில் வந்ததா என்றே மறந்துபோன சட்டி எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். புளி, தக்காளி போன்ற புளிப்பைக் கொதிக்க வைக்கும்போது உலோகம் அதிகம் கரையும், எண்ணெயில் பொரிக்கும்போது குறைவு. ஆகவே முறுக்கைவிட வத்தக்குழம்புக்குத்தான் அங்கே கவலை.

22 செப்டம்பர், இரவு

ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருக்கிறேன், போச்சா என்று பெடோக் தாத்தா. அது நாம் பேசும் ஈயமான காரீயமில்லை தாத்தா, வெள்ளீயம், அதாவது டின். நல்ல வெள்ளீயம் என்றால் பயமில்லை. காரீயம் கலந்து வார்த்த மலிவுச் சொம்பு என்றால் புளி ரசத்துக்கு அதைவிட மோசமான பாத்திரம் கிடையாது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, துப்பாக்கியை அதன் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

25 செப்டம்பர்

"பாக்கெட் எல்லாம் நல்லது, வீட்டுப் பண்டம் விஷம் என்று பன்னாட்டு நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?"

வாங்கவில்லை. இருந்தாலும் 21-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தால் அந்த வாடை கொஞ்சம் வீசத்தான் செய்கிறது. கொஞ்சம் சேர்க்கிறேன். சிங்கப்பூர் சாப்பிடுவதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. உணவு விதிமுறைகளில் ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசத்துக்கு உச்ச அளவுகள் உண்டு, சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துப் பார்க்கிறது. மாதிரி என்றால் மாதிரிதான். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் யாரும் அமிலத்தில் கரைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரிய நாடுகளிலும் ஓட்டை உண்டு. அமெரிக்கா 2025 ஜனவரியில் குழந்தை உணவில் ஈயத்துக்கு அளவு வைத்தது: பழம், காய்க் கூழுக்கு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், தனி வேர்க்காய்க் கூழுக்கும் உலர் தானிய உணவுக்கும் 20. பஃப், பல் முளைக்கும்போது கொடுக்கும் பிஸ்கட் எல்லாம் அதற்குள் வரவில்லை. பிள்ளைகள் விடாமல் கேட்பது அதைத்தான்!

புளி மிட்டாய், மிளகாய்த் தூள் தூவிய மிட்டாய் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006-இல் அந்த 0.1 அளவு வந்ததற்குக் காரணமே மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாய், புளி மிட்டாய்கள். கழுவாமல் அரைத்த மிளகாயில் மண், ஈயம் கலந்த பூச்சுப் பூசிய மண்சட்டி, உறையில் அச்சு மை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். நம் மாமா கடையில் (பெட்டிக்கடையில்) பாட்டிலில் இருக்கும் பெயரில்லாப் புளி மிட்டாயை நான் வாங்க மாட்டேன். விலாசமும் தேதியும் அச்சடித்தது இருந்தால் வாங்குவேன், எனக்கும் புளிப்பு பிடிக்கும்.

28 செப்டம்பர்

பெடோக் தாத்தா கச்சாங் பூத்தே (தெருவில் விற்ற கடலைத் தீனி) காலத்துக்குப் போய்விட்டார். தலையில் தட்டு, அதில் கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, பழைய டெலிபோன் டைரக்டரி தாளில் சுருட்டிய கூம்பு. அந்த அச்சு மையோடு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கென்ன ஆச்சு என்கிறார்.

அச்சு மைத் தாளில் பலகாரம் மடிப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தாத்தா, உங்களுக்குள் போன ஈயத்தில் கூம்பு பெரிய பங்காளியாக இருக்காது. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998 ஜூலை வரை இருந்தது. சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஒவ்வொரு நாளும் அதை மூச்சில் இழுத்தீர்கள். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் இருக்கும். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? ஈயம் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பதில்லை, அறிவுத்திறனில் சில புள்ளிகளும் ரத்த அழுத்தத்தில் சில புள்ளிகளும் நகர்த்தும். நகராமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்போம் என்று ஒப்பிட நம்மிடம் இன்னொரு நாம் இல்லை.

தாத்தா பதிலுக்கு, "அப்போ நான் கணக்கில் வீக்காக இருந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது" என்கிறார். சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

3 அக்டோபர்

உட்லண்ட்ஸ் அம்மா திரும்பி வந்திருக்கிறார். பையனைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போனாராம், வேறு காரணத்துக்காக. இரும்புச் சத்து குறைவு என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. இந்த இழையிலேயே உபயோகமான கேள்வி இதுதான்.

குடலில் இரும்பை உள்ளே ஏற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் அது கூடுதலாக உருவாகும். ஆனால் அது ஆள் பார்த்து ஏற்றுவதில்லை. இரும்புக்கென்று விட்ட கூடுதல் பஸ்ஸில் காட்மியமும் ஈயமும் ஏறி உட்கார்ந்துவிடும். கால்சியம் குறைந்தாலும் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் காட்மியம் கலந்த அரிசி தின்று எலும்பு நொறுங்கிய இத்தாய்-இத்தாய் நோயாளிகளில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள். சத்துக்குறைவு அதை மோசமாக்கியது.

ஆகவே பையனுக்குக் கொடுக்கும் இரும்பு மருந்து இரண்டு வேலை செய்கிறது. அதை ஒழுங்காக முடிப்பது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதைவிட மேல். பால், தயிர், கீரை, முட்டை, மீன் என்று வயிறு நிறைந்திருந்தால் அதே தீனியிலிருந்து உள்ளே போகும் ஈயமும் குறையும். வெறும் வயிற்றில் ஈயம் ஒட்டுவது அதிகம். பள்ளி விட்டுப் பசியோடு வந்தவுடன் முதலில் பஃப் என்பதை முதலில் வாழைப்பழம், பிறகு பஃப் என்று மாற்றிப் பாருங்கள். வீடு ரெண்டானால் நான் பொறுப்பில்லை.

4 அக்டோபர்

சோறு வடிப்பது பற்றிச் சொல்ல மறந்தேன் என்று யீஷூன் தம்பி சரியாகப் பிடித்தார். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் வரை குறையும், அரிசியைப் பொறுத்து. குக்கரில் தண்ணீர் வற்ற வைத்தால் எல்லாம் உள்ளேயே. வடித்தால் பி வைட்டமின்களும் போகும், அதுவும் உண்மை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பவர் வடித்ததன் பலனைத் தானே குடித்துவிடுகிறார்.

9 அக்டோபர்

'ஹெவி மெட்டல் டீடாக்ஸ்' சொட்டு மருந்து விளம்பரத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள், நீக்கியாயிற்று. முடியை அனுப்பினால் உலோகம் சொல்கிறோம் என்பதையும் நம்பாதீர்கள். ஷாம்பூ, சாயம், தூசி எல்லாம் முடியில் ஒட்டும். உண்மையான ஈய நச்சுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மருந்துகள் உண்டு, அவற்றைச் சும்மா எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் தவறான வகை ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து) ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தைகளே இறந்திருக்கிறார்கள்.

9 அக்டோபர், பின்குறிப்பு

குழந்தைக்குக் கண்மை. வீட்டில் விளக்குக் கரியில் செய்தது என்றால் வேறு. பெயரில்லாத சுர்மாக் கல் என்றால் அது ஈயச் சல்பைடாகவே இருக்கலாம். கண்ணைக் கசக்கிய கை நேராக வாய்க்குப் போகும். ஒரு பாக்கெட் சிப்ஸ் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

20 அக்டோபர், தீபாவளி

இன்றைக்கு மைக்ரோகிராம் கேட்டு யாரும் வரக்கூடாது. நான் தட்டை தின்றுகொண்டிருக்கிறேன்.

24 அக்டோபர்

நால்வர் ஒரே கேள்வி: குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா? பாக்கெட் தின்கிறான் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். சந்தேகத்துக்குரிய மசாலா, சுர்மா, நாட்டு மருந்துப் பஸ்பம், பழைய பாத்திரம் இவற்றில் ஏதாவது வீட்டில் தினமும் புழங்கியது என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். சும்மா 'உலோகம் பாருங்கள்' என்றால் அவருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு 2021 முதல் வைத்திருக்கும் குறிப்பு அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டில் கூடுதலாக வந்தால் நாளத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் மறுபடி பார்க்க வேண்டும், விரலில் ஒட்டிய தூசியே எண்ணைத் தூக்கிவிடும்.

உட்லண்ட்ஸ் அம்மா இண்டாலியம் சட்டியை என்ன செய்வது என்கிறார். சந்தேகமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பணிப்பெண்ணுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ கொடுத்துப் புண்ணியம் தேட வேண்டாம், அமெரிக்க எச்சரிக்கையிலும் தானம் கொடுக்காதீர்கள் என்றே இருக்கிறது. பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் போட்டால் அது தேய்த்துக் கழுவி இன்னொரு வீட்டு அடுப்பில் ஏறிவிடும். அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.